ஒரு செம்பு தண்ணீரும் அரசியல் அறிவியலும்

(தருமபுரியில், இளங்கலை அரசியல் அறிவியல் முதலாண்டு மாணவர்களுக்கான தொடக்க வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இன்னும் போக மனமில்லாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, இன்று இந்தப் படியேறி வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பேசுகிறவருக்குத் தொண்டை வறளுமே என்று இந்த மேசைமேல் ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். காவிரித் தண்ணீர். ஒகேனக்கல்லில் எடுத்து, சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, குழாய் வழியாக இந்த ஊர் வரை கொண்டுவந்தது. நீங்கள் மூன்று ஆண்டுகள் படிக்கப்போகும் பாடம் இந்தச் செம்புக்குள்ளேயே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இலக்கணங்களை உங்கள் பேராசிரியர்கள் நாளைக்குச் சொல்லித் தருவார்கள். இன்றைக்கு எனக்கு இந்தச் செம்பு போதும்.

நான் பென்னாகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். என் அக்காவுக்குச் சிரிப்பு வந்தால் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள். அங்கங்கே எனாமல் பெயர்ந்து குழி விழுந்திருக்கும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதனால் அதை நோய் என்று ஒருவரும் நினைக்கவில்லை. பெண் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்று எழுந்து போனபோதுதான் எங்கள் வீட்டுக்கு அது உறைத்தது. நாற்பத்தைந்து வயதில் அக்காவால் தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் போயிற்று. கோயிலில் எல்லோரும் விழுந்து கும்பிடும்போது அவள் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

காரணம் ஃபுளோரைடு. நம் பூமிக்கு அடியில் இருக்கும் கருங்கல் பாறைகளில் அது கலந்திருக்கிறது. நிலத்தடி நீர் அந்தப் பாறையில் நெடுங்காலம் தங்கித் தங்கி அதைக் கரைத்துக்கொள்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது வரம்பு. மீறினால் முதலில் பல், பிறகு எலும்பு. மழை பொய்த்து ஆழ்துளைக் கிணறுகள் கீழே கீழே போகப்போக, பாறையோடு ஊறிய தண்ணீரே குடத்துக்கு வந்தது. இவ்வளவையும் எனக்குச் சொன்னவை நிலவியலும் வேதியியலும் மருத்துவமும். அந்த மூன்று துறைகளையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் பிள்ளைகளே, என் மனத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் காவிரி. பாறையைப் பிளந்துகொண்டு விழுகிற நல்ல தண்ணீர். அது இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்க, என் அக்கா ஏன் அரை நூற்றாண்டு நஞ்சைக் குடித்தாள்? இதற்கு வேதியியல் பதில் சொல்லாது, அது அதன் வேலையும் அல்ல. அந்தக் கேள்வி தொடங்கும் இடத்தில்தான் உங்கள் பாடம் தொடங்குகிறது.

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். காவிரியில் யாருக்கு எவ்வளவு என்று 1892-லும் 1924-லும் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது வரலாறு. அரசமைப்புச் சட்டத்தின் 262-ஆவது பிரிவு, மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளின் தகராற்றைத் தீர்க்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது. 1956-இல் அந்தச் சட்டம் வந்தது. 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அது சட்டவியல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பானிய நிதி நிறுவனம் கடன் கொடுத்தது. கடனும் வட்டியும் செலவும் பொருளியல். 2008-இல் திட்டம் தொடங்கும் நேரத்தில் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. அங்கே அப்போது சட்டமன்றத் தேர்தல் காலம். தேர்தல் முடியட்டும் என்று தமிழக அரசு திட்டத்தைச் சிறிது தள்ளிவைத்தது. குடிநீர் மீது ஒரு மொழிக் கூட்டத்தாருக்கு அத்தனை கோபம் எப்படி மூளுகிறது, யார் மூட்டுகிறார்கள் என்பது உளவியல். 2013-இல் திட்டம் திறக்கப்பட்டது. எங்கள் ஊர்த் தொட்டிக்கும் தண்ணீர் வந்தது. அக்காவுக்குப் பிந்திவிட்டது. அவளுடைய பேத்தியின் பல் வெள்ளையாக இருக்கிறது.

கதை அத்தோடு முடியவில்லை. தொட்டி வரைக்கும் வந்த தண்ணீர் குடத்துக்கு வர வேண்டும். தொட்டியடியில் ஓர் இரும்பு வால்வு இருக்கும், பார்த்திருப்பீர்கள். விடியற்காலையில் ஒருவர் சாவியோடு வந்து அதைத் திருகுவார். எந்தத் தெருவுக்கு முதலில் திறக்கிறார்? எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம்? ஊர்த்தெருக் குடங்கள் எல்லாம் நிறைந்த பிறகு, காற்றும் தண்ணீருமாகக் குழாய் இருமும் நேரத்தில் காலனிக்குத் திறக்கிற ஊர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஜப்பான் கடனும் உச்ச நீதிமன்றமும் சேர்ந்து கொண்டுவந்த தண்ணீரைக் கடைசி இருநூறு அடியில் சாதி வழிமறிக்கிறது. இதைப் பார்க்கச் சமூகவியலின் கண் வேண்டும். அந்தக் கண் இல்லாதவன் எத்தனை அரசமைப்புகளை மனப்பாடம் செய்தாலும் அரசியலைப் பார்த்தவன் ஆகமாட்டான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

வள்ளுவர் இதை இரண்டு அடியில் வைத்திருக்கிறார்.

"இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த
வகுத்தலும் வல்ல தரசு."

பொருள் வரும் வழியை உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, காத்ததை வகுத்துக் கொடுப்பது. முதல் மூன்றைப் பொருளியலுக்கும் படைக்கும் விட்டுக்கொடுத்தாலும், நான்காவது நம்முடையது. 'வகுத்தல்' என்ற அந்தச் சொல்லை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 1953-இல் டேவிட் ஈஸ்டன் என்ற அறிஞர், ஒரு சமூகம் மதிப்பதையெல்லாம் அதிகாரத்தோடு வகுத்தளிப்பதே அரசியல் என்று வரையறுத்தார். உலகப் பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாக வைத்திருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கோ அந்தச் சொல் ஆறாம் வகுப்புக் கணக்கிலேயே பழக்கம்: வகுத்தல். கணக்கில் யார் வகுத்தாலும் விடை ஒன்றுதான். அரசியலில் வகுக்கிறவர் மாறினால் விடை மாறும். யார் வகுக்கிறார், அந்த உரிமையை அவருக்கு யார் கொடுத்தது, கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டுமா? அரசியல் அறிவியலின் சொந்தக் கேள்விகள் இவைதான். மற்றதையெல்லாம் அது அக்கம்பக்கத்துத் துறைகளிடம் கைமாற்று வாங்கித்தான் குடித்தனம் நடத்துகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரிஸ்டாட்டில் மருத்துவர் மகன். மீனையும் நண்டையும் அறுத்துப் பார்த்த அதே மனிதர்தான், தம் மாணவர்களோடு 158 நகர அரசுகளின் அமைப்புகளைத் திரட்டி ஒப்பிட்டார் என்று சொல்லப்படுகிறது. உயிர்களை வகைப்படுத்திப் பழகிய கை, அரசுகளையும் வகைப்படுத்தியது.

வீட்டுக்குப் போனதும் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து நிலப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அந்தக் காகிதத்தின் பூர்வீகம் நம் மண். 1792-இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். பாராமகால் என்றால் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்தான். வரி வசூலிக்க வந்த அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் ஒவ்வொரு குடியானவரோடும் நேரடியாகக் கணக்கு வைத்தார்கள். அதுதான் ரயத்துவாரி முறைக்கு நாற்றங்கால். அடுத்த ஆண்டு, 1793-இல், அதே கம்பெனி வங்காளத்தில் ஜமீன்தார்களிடம் நிலத்தைச் சாசுவதமாக ஒப்படைத்தது. குடியானவருக்குக் கருணை காட்டவா இங்கே இப்படிச் செய்தார்கள்? இல்லை, கண்டிப்பாக இல்லை. வரி கடுமையானது, கஞ்சிக்கும் மிஞ்சாத ஆண்டுகள் உண்டு. ஆனால் அன்று எடுத்த அந்த இருவேறு முடிவுகளின் நிழல் இன்றுவரை நீளுகிறது. பொருளியலில் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, லட்சுமி ஐயரோடு சேர்ந்து 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்: ஜமீன்தாரி முறை இருந்த மாவட்டங்கள், விடுதலைக்குப் பிறகும் வேளாண்மை முதலீட்டிலும் விளைச்சலிலும் பின்தங்கியிருக்கின்றன. வரலாற்று ஆவணம், பொருளியல் கணக்கு, ஆட்சி முறை மூன்றும் ஒரே ஆய்வுக்குள். நம் பாடம் பக்கத்துத் துறைகளோடு எப்படிச் சேர்ந்து உழ வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இலக்கியத்தோடு உறவு உண்டா என்று ஒரு தம்பி வாசலில் கேட்டார். இந்த ஊர் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காக ஔவையார் தொண்டைமான் என்ற மன்னனிடம் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. இங்கே இருப்பவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுக்குள் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வது போல ஓர் எச்சரிக்கை. பன்னாட்டு உறவு படிக்கும்போது, எதிரியைத் தயங்க வைப்பது எப்படி என்று ஒரு தனிப் பாடமே வரும். அப்போது இந்தப் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்லப்போவதைத் தவிர்த்துவிட்டுப் போக எனக்கு மனச்சான்று இடம் தரவில்லை. 1919-இல் மாக்ஸ் வேபர் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் ஒரு சொற்பொழிவில் சொன்னார்: ஓர் எல்லைக்குள் முறையான வன்முறையைப் பயன்படுத்தும் உரிமையைத் தனக்கே உரியதாகக் கோருவது அரசு. 'முறையான' என்ற அந்த ஒரு சொல்லின் எடை என்ன? அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தன. வீடுகளை இடித்தார்கள், மக்களை அடித்தார்கள், 18 பெண்களை வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். சட்டத்தைக் காக்கச் சம்பளம் வாங்கியவர்கள் செய்தது அது. அந்த மக்கள் ஓயவில்லை. மாதர் அமைப்பும் மலைவாழ் மக்கள் சங்கமும் துணை நின்றன. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2011 செப்டம்பர் 29 அன்று, இதே தருமபுரியில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள். அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசின் கை அத்துமீறிய இடமும், அரசின் இன்னொரு கை அதைப் பிடித்து நிறுத்திய இடமும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. அதிகாரப் பிரிவினை என்று பாடநூலில் ஓர் அத்தியாயம் வரும். அதைப் படிக்கும் நாளில் ஒருமுறை வாச்சாத்திக்குப் போய்விட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு புதிர். இதற்கு விடையை நான் தரப்போவதில்லை; உங்களிடமிருந்துதான் வர வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அன்றைய 32 மாவட்டங்களில் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 விழுக்காடு. 2024 மக்களவைத் தேர்தலில், தமிழகத்தின் 39 தொகுதிகளில் மிக அதிகமாக வாக்களித்த தொகுதியும் தருமபுரி. 81 விழுக்காட்டைத் தாண்டியது. படிப்பு ஏற ஏற வாக்களிப்பும் ஏறும் என்று மேல்நாட்டுப் பாடநூல்கள் சொல்கின்றன. நம் ஊர் அதைத் தலைகீழாகப் புரட்டுகிறது. அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். மாவட்டமும் தொகுதியும் ஒன்றல்ல. மேட்டூர் சேலம் மாவட்டம், ஆனால் தருமபுரித் தொகுதிக்குள் வருகிறது. இரண்டு கணக்குக்கும் நடுவில் பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த எச்சரிக்கைகளைச் சொல்லித் தருவது புள்ளியியல். அதையெல்லாம் கழித்த பிறகும் கேள்வி அப்படியே நிற்கிறது: பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன பிள்ளை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்கு வந்து ஏன் ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறான்? சாதியா, கட்சியா, காசா, ஊர்க் கட்டுப்பாடா, அல்லது அந்த ஒரு நாளாவது தன்னை ஒருவனாக எண்ணுகிறார்களே என்ற நிறைவா?

அடுத்த வாரம் நான் மறுபடி வருகிறேன். அதற்குள் விடியற்காலையில் உங்கள் தெருக் குழாயடிக்குப் போய், வரிசையில் நிற்கும் ஐந்து பேரிடம் இதைக் கேளுங்கள். அவர்கள் சொன்னதை உங்கள் நடைக்கு மாற்றாமல், அவர்கள் சொல்லிலேயே எழுதி எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்கு வால்வு திறந்தது என்பதையும் மேலே குறித்திருக்க வேண்டும்.