கையறு நிலைக்கு எதிர்ச்சொல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"மனத்துக்கு நிறைவு தருவது கையால் செய்வதா, காசு கொடுத்து வாங்குவதா?" இதுதான் தலைப்பு. வாங்குவதே என்று பேசிய எதிரணித் தலைவர், போகிற போக்கில் ஒரு கேள்வியை வீசிவிட்டு அமர்ந்தார். "செய்வதில்தான் சுகம் என்றால், நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்திருப்பவர்தானே உலகத்திலேயே சந்தோஷமான மனிதர்?" அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன், நல்ல கேள்வி.

ஆனால் கேட்ட இடம் தப்பு ஐயா. அந்த மனிதரின் முதுகை ஒடிப்பது நூலா? பொழுது சாய்வதற்குள் இத்தனை முழம் இறங்க வேண்டும் என்று வேறொருவர் போட்ட கணக்கு ஒடிக்கிறது. அந்த வேலைக்குக் கொடுக்கிற கூலி ஒடிக்கிறது. கூலியைக் குறைத்தவரிடம் கேட்க வேண்டியதை, பாவம், கைவேலையிடம் கேட்கிறீர்கள். வேகத்தைத் தானே வைத்துக்கொண்டு, போதும் என்றால் எழுந்துபோகிற உரிமையோடு செய்கிற வேலையைப் பற்றித்தான் எங்கள் அணி பேசுகிறது.

இன்னொன்றும் சொன்னார். சுகம், துக்கம் எல்லாம் மனத்தின் விவகாரமாம், கைக்கு அதில் என்ன வேலையாம். தமிழ் அப்படி நினைக்கவில்லையே! ஒருவரை இழந்து கதறும் துயரத்துக்கு நம் இலக்கணம் வைத்த பெயர் என்ன? கையறுநிலை. மனமறு நிலை என்று வைக்கவில்லை. கை என்றால் உறுப்பு மட்டுமல்ல, செயலும்தான். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆவதுதான் துயரத்தின் அடிமட்டம். நினைத்தது நடந்துவிட்டால்? கைகூடியது என்கிறோம்.

கையற்றுப் போன ஒருவர் கதை சொல்கிறேன். ஜார்ஜ் பார்ட்டன், அமெரிக்கக் கட்டடக் கலைஞர். காசநோய் வந்தது, காலில் அறுவை நடந்தது, பிறகு உடம்பின் இடப்பக்கம் செயலிழந்தது. கோடு போட்டுப் பிழைத்தவர் படுக்கையில் விழுந்தார். தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து செய்து உடம்பை மீட்டுக்கொண்டார். மீண்டவர் சும்மா இருக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் 1917 மார்ச்சில் அவரையும் சேர்த்து ஆறு பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆக்குபேஷனல் தெரபி, அதாவது வேலை செய்ய வைத்தே உடம்பையும் மனத்தையும் தேற்றுகிற சிகிச்சை, இன்று ஒரு மருத்துவத் துறையாக நிற்பதற்கு அந்தக் கூட்டம் ஒரு முக்கியக் காரணம். அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. போரில் உடம்பும் மனமும் உடைந்து வந்த சிப்பாய்களுக்கு மருத்துவமனைகளில் கூடை முடையவும் மரம் இழைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே கூடைக்கா பஞ்சம்? வாங்கிப் போட்டிருந்தால் வண்டி வண்டியாக வந்திருக்கும்.

பழங்கதை வேண்டாம், ஆய்வு உண்டா என்பார்கள். 2016இல் பிலடெல்ஃபியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்பவரின் குழு ஒன்றைச் செய்து பார்த்தது. (பெயரிலேயே கை இருக்கிறது, கவனியுங்கள்.) களிமண், காகிதம், வண்ணப் பேனா எல்லாம் கொடுத்து 45 நிமிடம் எதையாவது செய்யுங்கள் என்றார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் என்கிற அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பின் பழக்கம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் காட்டவில்லை. மொத்தமே 39 பேர்தானே என்று எதிரணியில் விரல் மடக்குகிறார்கள். உண்மை, சின்ன ஆய்வுதான். சரி, பெரியது ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் 7,182 பேரின் பதில்களை வைத்து 2024இல் வெளிவந்த ஆய்வு அது. வாழ்க்கை அர்த்தமுள்ளது என்ற உணர்வோடு கைவினைக்கு இருந்த தொடர்பு, வேலையில் இருப்பதற்கு இருந்த தொடர்பைவிட வலுவாக இருந்தது. வாங்குவதற்குக் காசு தருகிற அதே வேலையைத்தான் சொல்கிறேன்! மகிழ்ச்சியாக இருப்பவர்தான் கைவேலைக்கு வருகிறாரோ என்று கேட்கலாம். கேளுங்கள், அந்த ஐயத்தை இந்தப் புள்ளிவிவரம் முழுக்கத் தீர்க்காது.

எனக்குப் புள்ளிவிவரத்தைவிட ஓர் அனுபவம் பெரிது. நான் கம்பளி பின்னுகிறவள். நாற்பதாவது வரிசையில் இருக்கும்போது பன்னிரண்டாவது வரிசையில் ஒரு கண்ணி நழுவியது தெரியும். எரிச்சல் வரும், எங்கே நிம்மதி என்று எதிரணி சிரிக்கலாம். ஆனால் ஊசியை உருவி நூலை இழுத்தால் இருபத்தெட்டு வரிசையும் சரசரவென்று அவிழ்ந்து கையில் நூலாகவே வந்து நிற்கும். ஒரு இழைகூட வீணாகாது. மறுபடி பின்னலாம். சொல்லிவிட்ட சொல்லை அப்படி அவிழ்க்க முடியுமா? எடுத்த முடிவை? பிள்ளை வளர்ப்பில் செய்த தவறை? பிழை எங்கே என்று கண்ணால் பார்த்து, அதுவரைக்கும் பின்னோக்கிப் போய்த் திருத்த முடிகிற இடம் எனக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. மரத்தை அறுக்கிற தச்சருக்கு இந்தச் சலுகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

கைபேசித் திரையைத் தள்ளுவதும் கைவேலைதானே என்று எதிரணித் தம்பி ஒருவர் கேட்டார். ஒரு கட்டைவிரலுக்கு மட்டும் வேலை! போகட்டும், இரவெல்லாம் தள்ளி "அப்பாடா, முடித்துவிட்டேன்" என்று சொன்னவர் யாராவது உண்டா?

முடிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மைக்கேல் நார்ட்டனும் சக ஆய்வாளர்களும் 2012இல் 'ஐகியா விளைவு' என்று ஒன்றைப் பற்றி எழுதினார்கள். ஐகியா என்பது, வாங்கியவரே பாகங்களைப் பூட்டிக்கொள்ளும் மரச்சாமான்களை விற்கிற நிறுவனம். பழக்கமில்லாதவர்களைக் காகிதத்தில் கொக்கும் தவளையும் மடிக்கச் சொன்னார்கள். பார்த்தவர்களுக்கு அது கசங்கிய காகிதம். மடித்தவர்களோ, கைதேர்ந்தவர் செய்த பொம்மைக்கு மற்றவர்கள் சொன்ன விலைக்குக் கிட்டத்தட்ட ஈடாகத் தங்கள் பொம்மைக்குத் தர முன்வந்தார்கள். வேறொரு சோதனையில் ஐகியா பெட்டியைப் பூட்டக் கொடுத்தார்கள்; பாதியில் விட்டவர்களுக்கு அந்தப் பாசம் வரவில்லை.

நடுவர் அவர்களே, மணி அடிப்பதற்கு முன் ஒரே ஒரு விண்ணப்பம். நான் பேசத் தொடங்கியதிலிருந்து எதிரணித் தலைவர் தன் குறிப்புச் சீட்டை மடித்துக்கொண்டே இருக்கிறார். முதலில் விசிறி மாதிரி இருந்தது, இப்போது கப்பல் ஆகிவிட்டது. தீர்ப்புச் சொல்வதற்கு முன் அதை அவரிடம் விலைக்குக் கேட்டுப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.