பெருச்சாளி வரும் வழி

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருவில் நடந்தால், மழைநீர் வடிகால் மூடியின் இடுக்கிலிருந்து ஒரு பெருச்சாளி எட்டிப் பார்க்கும். பூனையே ஒதுங்கிப் போகிற அளவுக்கு இருக்கும். ஆங்கிலத்தில் வழங்கும் பேண்டிகூட் என்ற பெயர், தெலுங்கின் ‘பந்திகொக்கு’விலிருந்து போனதுதான். பன்றி எலி என்று அர்த்தம். பன்றி மாதிரியே மண்ணைத் தோண்டித் தள்ளும், மடக்கினால் உறுமும்.

எலிக் கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறவன் நான். போன வருஷம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கூப்பிட்டார்கள். மூன்று தடவை விஷம் வைத்தாயிற்று, கூடை கூடையாக அள்ளிப் போட்டோம், இன்னும் குறையவில்லை என்றார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கழிவுநீர்த் தொட்டியின் மூடி ஒரு மூலையில் உடைந்திருந்தது. பக்கத்திலேயே ஈரம் காயாத புது மண். அங்கிருந்து குப்பைத் தொட்டி வரைக்கும், சுவரின் அடியில், எண்ணெய்க் கையால் தேய்த்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. எலி தினமும் ஒரே வழியில் சுவரை உரசிக்கொண்டுதான் போகும். அதன் உடம்பு அழுக்குதான் அந்தக் கோடு. வீடும் சாப்பாடும் பத்தடிக்குள் இருந்தால் எத்தனை எலியைக் கொன்று என்ன பயன்? சினையான மூன்று வாரத்தில் ஆறோ எட்டோ குட்டி போடும். அந்தக் குட்டிகளும் இரண்டு மூன்று மாதத்தில் ஈன ஆரம்பித்துவிடும். செத்ததன் பங்குச் சாப்பாட்டையும் சேர்த்துத் தின்று மிச்சம் இருப்பவை பெருகும்.

வியட்நாமின் ஹனோய் நகரத்தில் 1902-இல் பிரெஞ்சு அரசாங்கம் இதை அனுபவத்தில் கண்டது. அவர்கள் கட்டிய பாதாளச் சாக்கடையிலேயே எலி பெருகிவிட்டது. ஒரு வாலுக்கு இவ்வளவு காசு என்று அறிவித்தார்கள். வால்கள் வந்து குவிந்தன. அப்புறம் பார்த்தால் ஊருக்குள் வாலில்லாத எலிகள் ஓடின. எலி பிடித்தவர்கள் வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு, குட்டி போடட்டும் என்று உயிரோடு விட்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே எலிப் பண்ணையே நடந்தது. அதனால் செத்த எலியை எண்ணாதீர்கள், திறந்திருக்கிற வளையை எண்ணுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

அந்தக் குடியிருப்பில் மூடியை மாற்றினோம். வளைகளில் கண்ணாடிச் சில்லும் சிமென்டும் கலந்து அடைத்தோம். குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் எப்போதும் ஒரு சந்து இருக்கும், கொத்தனார் பூசாமல் விட்டது. கட்டைவிரல் நுழைகிற சந்து குட்டி எலிக்குப் போதும். தரையில் தண்ணீர் வடிகிற ஜாலிக்கு மேல் கம்பி வலை போட்டோம். குப்பையை ராத்திரி வெளியே வைக்காமல், காலையில் வண்டி வரும்போது கொண்டுவரச் சொன்னோம். பலரும் முணுமுணுத்தது இதற்குத்தான். ஆனால் எலி குறைந்ததும் இதனால்தான்.

விஷம் வைத்தே ஆக வேண்டும் என்றால், விஷயம் தெரிந்தவரைக் கொண்டு பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. கல்லீரலை அழித்துவிடும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. எங்கேயாவது கிடைத்தாலும் தயவுசெய்து வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது.

ஐப்பசி மழை வருகிறது. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் புண்ணுள்ள காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் பிடிக்கும். வடிகாலில் தூர் வாருகிறவர்கள் பாதிப் பேர் காலில் பூட்ஸ் இல்லாமல் நிற்கிறார்கள், பார்க்கவே மனசு பதறுகிறது. அவர்களுக்குப் பூட்ஸ் கொடுக்க வேண்டியது ஒப்பந்ததாரரின் கடமை, கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வீட்டைச் சுற்றி நடந்து, தெரிகிற வளை வாயிலெல்லாம் பழைய செய்தித்தாளைக் கசக்கி அடையுங்கள். காலையில் எந்த வளையில் காகிதம் வெளியே கிடக்கிறதோ, அங்கே ஆள் குடியிருக்கிறது. சிமென்ட் வேலையை அங்கிருந்து ஆரம்பியுங்கள். வணக்கம்.