முகப்ப மட்டும் பாத்துட்டு பீஸ் கட்டிராதீங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் 33 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ, சொந்த ஊர் தேவகோட்டை பக்கம். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துருச்சுன்னா போதும், எங்க வீட்டு திண்ணையில ஆளு வந்துரும். "அக்கா, பிள்ளைய நர்சிங் சேக்கலாம்னு இருக்கோம், எந்த காலேஜ் நல்லாருக்கும்?" இதத்தான் எல்லாரும் கேக்குறாங்க, அதனால இன்னைக்கு அதயே பேசலாம்னு வந்தேன்.

நம்ம செட்டிநாட்டுல வீடு பாக்கப் போறவங்களுக்கு ஒண்ணு தெரியும். முகப்புல பர்மா தேக்குத் தூணு பளபளன்னு நிக்கும், கீழ ஆத்தங்குடி கல்லு கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனா விவரம் தெரிஞ்சவங்க அங்க நிக்க மாட்டாங்க, நடு முத்தம் இருக்குற வளவத் தாண்டி, பின்னாடி இருக்குற ரெண்டாங்கட்டுக்குப் போயி, அடுப்படியப் பாத்து, ஓடு ஒழுகுதான்னு அண்ணாந்து பாத்து, கிணத்துல வாளியப் போட்டுப் பாத்துட்டுத்தான் வெல பேசுவாங்க. நர்சிங் காலேஜுக்கு ரெண்டாங்கட்டு எதுன்னா ஆஸ்பத்திரி வார்டுதான். அதப் பாக்காம பீஸ் கட்டாதீங்க.

எங்க அண்ணன் மக கதைய சொல்றேன். அது ப்ளஸ் டூல நல்ல மார்க், பயாலஜி குரூப். அண்ணன் ஒரு காலேஜ் நோட்டீஸ கையில வச்சுக்கிட்டு, அட்வான்ஸ் கட்ட 25,000 ரூபாய மஞ்சப்பையில சுத்தி எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாரு. காலேஜ் பேரு வேணாம். நானும் கூடப் போனேன். போன உடனே ஏசி ரூம்ல உக்கார வச்சு பாதாம்பால் குடுத்தாங்க. அண்ணனுக்கு அப்பவே மனசு நெறஞ்சு போச்சு. நான் ஸ்கில் லேப் பாக்கணும்னு கேட்டேன். கூட்டிட்டுப் போனாங்க, வரிசையா பொம்மைங்க படுத்திருக்கு, தலையில கம்பெனிக்காரன் போட்ட பாலிதீன் கவரு அப்பிடியே இருக்கு. ஊசி போட்டுப் பழகுற பொம்மைக் கை ஒண்ணு இருந்துச்சு, எடுத்து விரலால தடவிப் பாத்தேன், மொழு மொழுன்னு இருக்கு, ஒரு ஊசி குத்துன ஓட்டை இல்ல. பிள்ளைங்க பழகுற கைன்னா அது பொத்தல் பொத்தலா இருக்கணும்ங்க.

சரி, ஆஸ்பத்திரி எங்கன்னு கேட்டேன். கொஞ்சம் தயங்கிட்டுத்தான் கூட்டிட்டுப் போனாங்க. வார்டுல 30 கட்டில், 4 பேரு படுத்திருக்காங்க. மத்த கட்டில்ல விரிச்ச பெட்ஷீட்டுல மடிப்புக் கோடு கூட கலையல. கட்டில் கால்மாட்டுல தொங்குற சார்ட்ட தூக்கிப் பாத்தா வெள்ளைப் பேப்பரு. புதுசா ஆரம்பிக்கிற எடத்துக்கு சொந்தமா 100 படுக்கை ஆஸ்பத்திரி வேணும், அதுல நூத்துக்கு 75 படுக்கையாவது நெறஞ்சிருக்கணும், ஒரு மாணவிக்கு 3 நோயாளியாவது இருக்கணும்னு இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு வச்சிருக்கு. இங்க ஒரு செட்டுக்கே 60 பிள்ளைங்க, நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

வராண்டாவுல யூனிஃபார்ம்ல ஒரு பிள்ளை நின்னுச்சு, ரெண்டாம் வருஷம்னு சொன்னுச்சு. "பாப்பா, கடைசியா யாருக்கு பிபி பாத்த?"ன்னு கேட்டேன். அது சுத்தும் முத்தும் பாத்துட்டு மெதுவா, "எங்களுக்குள்ளயே பாத்துக்கிட்டோம் மேடம்"னு சொன்னுச்சு. எனக்கு வயித்த என்னமோ செஞ்சுருச்சு. அந்தப் பிள்ளையோட அப்பா அம்மா எத வித்து பீஸ் கட்டுனாங்களோ. அண்ணன் கைய பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்துட்டேன், அவருக்கு என் மேல கோவம், காரைக்குடி பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் பேசல.

அடுத்த வாரம் வேற ஒரு எடத்துக்குப் போனோம். பழைய கட்டடம், சுவரு சுண்ணாம்பு உதிருது, பாதாம்பால் எல்லாம் கெடையாது. ஆனா வார்டு நெறய ஆளு. ஒரு மூலையில வயசான ஐயா ஒருத்தரு, கைகால் விழுந்து படுக்கையில கெடக்குறாரு, ரெண்டு பிள்ளைங்க அவர ஒருக்களிச்சுப் பொரட்டி முதுகுல புண்ணு ஏதும் வந்திருக்கான்னு பாக்குதுங்க, பக்கத்துலயே டீச்சர் நின்னு, "இடுப்பு எலும்புக்கு மேல பாரு, குதிகாலப் பாரு"ன்னு சொல்லிக் குடுக்குது. நான் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசல, அவரே மஞ்சப்பையப் பிரிச்சுட்டாரு. இப்ப அண்ணன் மக மூணாம் வருஷம். அதனாலதான் திரும்பவும் சொல்றேன், வார்டப் பாக்காம பீஸ் கட்டாதீங்க. காலேஜ் வாசல் டீக்கடையில நின்னு ரெண்டாம் வருஷம், மூணாம் வருஷம் பிள்ளைங்ககிட்ட இந்த மாசம் எங்க போஸ்டிங், அதான் வார்டு டூட்டி, பிரசவம் பாத்தீங்களா, கூட டீச்சர் வந்தாங்களான்னு கேளுங்க, பிள்ளைங்க உண்மையச் சொல்லிரும். இப்ப சிவகங்கையில 2012லயும் புதுக்கோட்டையில 2017லயும் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வந்துருச்சு, நல்லா கூட்டம் வர்ற அந்த மாதிரி எடத்துல போஸ்டிங் கெடைக்குதான்னும் விசாரிங்க.

அடுத்தது, இத பேனா இருந்தா எழுதிக்கங்க. படிச்சு முடிச்சா தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்ல ரெஜிஸ்டர் ஆகுமா, ஆர்என் ஆர்எம் நம்பர், அதாவது பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மருத்துவச்சிங்கிற நம்பர் கெடைக்குமா? இந்த ஒரு கேள்விய கேட்டுட்டு பதில் வழவழன்னு வந்தா எந்திரிச்சு வந்துருங்க. ஒரு வருஷத்துல நர்ஸ் ஆகலாம்னு போஸ்டர் ஒட்டுறாங்கல்ல, அது நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸ், அதுக்கு இந்த நம்பர் வராது. அந்த வேலை மட்டமில்ல, ஆனா நர்ஸுன்னு நெனச்சு சேந்துட்டு அப்பறம் அழுவக் கூடாது. எங்க தெருவுலயே ஒரு பிள்ளை அப்பிடி ஏமாந்து நிக்குது. நர்ஸ்னா ஜிஎன்எம், அதாவது ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி, 3 வருஷம் டிப்ளமா, இல்லன்னா பிஎஸ்சி 4 வருஷம். பிஎஸ்சிக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி எடுத்திருக்கணும், 45 சதவீதம், அந்த வருஷம் டிசம்பர் 31க்குள்ள 17 வயசு முடிஞ்சிருக்கணும். ஜிஎன்எம்முக்கு எந்த குரூப்பா இருந்தாலும் சரி, 40 சதவீதம், இங்கிலீஷ் பாஸாகியிருக்கணும். ஜிஎன்எம்னா கொறச்சல்னு சில பேரு மொகத்த சுளிக்கிறாங்க. நம்ம நாட்டுல பிஎஸ்சி நர்சிங்கே 1946லதான் வேலூர்லயும் டெல்லியிலயும் வந்துச்சு, அதுக்கு முன்னாடி இந்த நாட்டையே பாத்துக்கிட்டது டிப்ளமா படிச்ச நர்ஸுங்கதான். ஜிஎன்எம் முடிச்சுட்டு அப்பறமா ரெண்டு வருஷம் போஸ்ட் பேசிக் படிச்சா பிஎஸ்சி டிகிரியும் வந்துரும்.

இப்ப பிள்ளைங்களுக்கு. சேர்றதுக்கு முன்னாடி லீவு இருக்குல்ல, அதுல சொட்டுக் கணக்குப் பழகுங்க. அரை லிட்டர் சலைன் பாட்டில், நாலு மணி நேரத்துல ஏத்தச் சொல்லி டாக்டர் எழுதிட்டாரு. அந்த டியூப்ல ஒரு எம்எல்லுக்கு 20 சொட்டு. 500 எம்எல்லுன்னா 10,000 சொட்டு, நாலு மணி நேரம்னா 240 நிமிஷம், வகுத்தா நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 42. அத செகண்ட் முள்ளு உள்ள வாட்ச வச்சு எண்ணித்தான் டியூப்ல இருக்குற சக்கரத்த திருகணும். வேகமா விட்டுட்டா இருதயம் சரியில்லாதவங்களுக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துரும். பெரிய கணக்கு இல்ல, எட்டாங்கிளாஸ் வகுத்தல்தான், ஆனா ராத்திரி மூணு மணிக்கு தூக்கக் கலக்கத்துல தப்பு வரக் கூடாது, அதுக்குத்தான் இப்பவே பழகச் சொல்றேன். தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைங்க பயப்படாதீங்க, நானும் தமிழ் மீடியம்தான், தெனம் ஒரு பக்கம் இங்கிலீஷ்ல சத்தமா வாசிங்க, உடம்பு பாகத்துப் பேரெல்லாம் எழுதி எழுதிப் பாருங்க. கிளாஸ்ல 80 சதவீதம் அட்டண்டன்ஸ் வேணும், வார்டு டூட்டி நாள் கொறஞ்சா அத முழுசா ஈடு கட்டிட்டுத்தான் கோர்ஸ முடிக்க முடியும், அதனால கோயில் திருவிழா, கல்யாணம்னு பிள்ளைய இழுக்காதீங்க.

ரெண்டு நிமிஷம்தான் இருக்குன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுறாங்க, மிச்சத்த வேகமா சொல்லிர்றேன். நம்ம அரசு கலந்தாய்வுல பிஎஸ்சிக்கு ப்ளஸ் டூ மார்க்தான், ஜிப்மருக்கும் மிலிட்டரி நர்சிங்குக்கும் நீட் மார்க் கேப்பாங்க, எய்ம்ஸுக்கு தனி பரீட்சை. அரசுப் பள்ளியில ஆறுலருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா இருக்கு, விட்றாதீங்க. சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் இப்பவே இ-சேவை மையத்துல எழுதிப் போட்ருங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட யார்கிட்டயும் ரசீது இல்லாம குடுக்காதீங்க, குடுக்குறதுக்கு முன்னாடி அஞ்சு ஜெராக்ஸ் எடுத்துக்கங்க. ஏஜென்ட் கையில பணம் வேண்டவே வேண்டாம். மஞ்சக்காமாலை பி, அதான் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு தடவை போடணும், இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு, வார்டுல ஊசியக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி இந்த ஊசி நம்ம உடம்புல ஏறியிருக்கணும், அதனால ரிசல்ட் வந்த வாரமே மொத ஊசியப் போட்ருங்க. ஆஸ்டல் சாப்பாடு பத்தியும் பேசணும்னு இருந்தேன், நேரம் முடிஞ்சு போச்சு. வணக்கம்.