முந்திரிக்கொத்துக்கு நடுவே ஒரு மாத்திரை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பண்டிகைக் காலத்தில் உடம்பையும் மனதையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசச் சொன்னார்கள். சொன்னவுடன் என் கண் முன்னால் வந்தது, டிசம்பர் 27, 28 தேதிகளில் ஓ.பி. சீட்டு வாங்க நிற்கிற வரிசை.

விருந்தில் அதிகம் சாப்பிட்டவர்கள்தான் அந்த வரிசையில் நிற்பார்கள் என்று நினைப்பீர்கள். அவர்களும் உண்டு. ஆனால் என் மனதில் தங்கிப்போனவர்கள், அந்த விருந்தைச் சமைத்தவர்கள். ஐம்பது, அறுபது வயது அம்மாக்கள். கணுக்கால் வீங்கியிருக்கும். கையில் எண்ணெய் தெறித்த கொப்புளம் இருக்கும். பிரஷர் பார்த்தால் 180-ஐத் தாண்டி நிற்கும். "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா அம்மா?" என்று கேட்டால், "இருபதாம் தேதி வரைக்கும் போட்டேன் சிஸ்டர், அப்புறம் பலகாரம் செய்யத் தொடங்கியாச்சு, நேரம் கிடைக்கல்ல" என்பார்கள். ஒரு மாத்திரை விழுங்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைக்கூடத் தனக்கென்று எடுக்கக் கூடாது என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. வீடே அப்படித்தான் நடக்கிறது.

நம் ஊர்ப் பண்டிகைக் காலம் நீளமானது. நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா தொடங்கி டிசம்பர் 3-ஆம் தேதி நிறைவுபெறும். பிறகு கிறிஸ்துமஸ், மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், புத்தாண்டு, பொங்கல். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். கன்னியாகுமரியில் ஐயப்ப பக்தர்களின் கூட்டம். அங்கே கடை வைத்திருப்பவர்களுக்குத் தூக்கமே இராது. ஏறக்குறைய ஒன்றரை மாதம் உடம்பு தன் வழக்கமான நேரத்தைத் தொலைத்துவிட்டு ஓடுகிறது.

நம் ஊர்ப் பலகாரமான முந்திரிக்கொத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபயறை வறுத்துப் பொடிக்க வேண்டும். தேங்காய்த்துருவலும் எள்ளும் வறுத்துச் சேர்க்க வேண்டும். கருப்பட்டிப் பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உருட்டி, அரிசிமாவில் முக்கிப் பொரிக்க வேண்டும். அதோடு அச்சுமுறுக்கு, ஏத்தங்காய் உப்பேரி, அப்புறம் கேக். தின்பவர்களுக்கு ஒரு கடி, செய்கிறவர்களுக்கு இரண்டு நாள் நிற்கிற வேலை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், டிசம்பர் 24 மாலை. என் மாமியார் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். திடீரென்று அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். அடுப்புச் சூடுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். மைனிதான், "காலையிலிருந்து அம்மை ஒன்றும் சாப்பிடவில்லையே" என்றார். சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுவிட்டு, வேலை மும்முரத்தில் சாப்பாட்டை விட்டிருக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோயிருந்தது. பக்கத்து ஊர்களுக்கெல்லாம் இதைப்பற்றிச் சொல்லிக்கொடுக்கிற நான், அதே அடுக்களையில் நின்றுகொண்டு கவனிக்காமல் விட்டேன். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

ஆகவே இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐ அழையுங்கள். விரதம் இருக்கிறவர்கள், மாலை போட்டிருக்கிறவர்கள், மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. "கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். ரத்தத்தில் அதுவும் ஏறும். நான் யாரையும் முந்திரிக்கொத்து தின்ன வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அதைச் சொல்ல எனக்கு மனமும் வராது. ஒன்று எடுங்கள், ருசித்துத் தின்னுங்கள். அன்றைக்குச் சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள். சாப்பிட்டபின் படுக்காமல், பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்து, யார் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்த நடை சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும்.

மனச்சுமை இதயத்தைத் தொடுமா என்று கேட்பீர்கள். ஸ்வீடன் நாட்டில் 1998 முதல் 2013 வரை பதிவான மாரடைப்புகளை ஆராய்ந்து 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாரடைப்பு 37 சதவீதம் கூடியிருந்தது. அதிலும் இரவு பத்து மணி வாக்கில் உச்சம். அந்த நாட்டில் குடும்பமாகக் கூடிக் கொண்டாடுவது அந்த மாலையில்தான். 75 வயதைக் கடந்தவர்களும், முன்பே சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ளவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கொண்டாட்டத்தின் பரபரப்பும் துக்கமும் கோபமும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அது அந்த நாட்டுக் கணக்குதான். ஆனால் நம் ஊரில் நான் பார்த்த ஒன்று இருக்கிறது. நெஞ்சு கனக்கிறது, இடது கை வலிக்கிறது, வியர்க்கிறது என்றால், "பிரியாணி சாப்பிட்டது கேஸ், ஓமத்தண்ணீர் குடிச்சா சரியாகும்" என்று வீட்டிலேயே வைத்திருப்பார்கள். பண்டிகை நாளில் எல்லோரையும் சிரமப்படுத்த வேண்டாம் என்று நோயாளியே வாய் திறக்க மாட்டார். தயவுசெய்து அப்படிக் காத்திருக்காதீர்கள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் சந்தோஷம்தானே.

மதுவைப் பற்றி இரண்டு வார்த்தை. விடுமுறை நாட்களில் அளவுக்கு மீறிக் குடிக்கிறவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதை அமெரிக்க மருத்துவர்கள் 1978-இலேயே கவனித்து, 'ஹாலிடே ஹார்ட்' என்றே பெயர் வைத்தார்கள். அதுவரை இதய நோய் என்று தெரியாதவர்களுக்கும் அது வரும். வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை தாழவும் செய்யும். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போகிற பிள்ளைகளுக்கு: பாடுங்கள் மக்களே, நாங்கள் விழித்திருந்து கேட்போம். விடிய விடியப் பாடிவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் பைக் எடுக்காதீர்கள்.

அப்புறம் பணம். புதுத்துணி, கேக், வருகிறவர்களுக்குச் சாப்பாடு, இதற்காக நகையை அடகு வைக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் மகன் வருவான். அவன் வந்த மூன்றாம் நாள் பாகம் பிரிக்கிற பேச்சை யாராவது எடுப்பார்கள். எல்லோரும் ஒன்றாக இருப்பது இப்போதுதான் என்று நியாயம் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கிறிஸ்துமஸ் வாரத்தில் எடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். புத்தாண்டு கழித்து, பகல் வெளிச்சத்தில், வயிறு நிறைந்திருக்கும்போது பேசுங்கள்.

வேலையைப் பங்கு வைப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மாவு அரைத்துக் கொண்டுவருவது, தேங்காய் துருவுவது, பாத்திரம் கழுவுவது, இவற்றை ஆண்களும் பிள்ளைகளும் செய்யலாம். உருட்டுகிற வேலையை உட்கார்ந்து செய்யலாம். மாத்திரைக்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது பேத்தியின் வேலை. ஒரு மாத மருந்தை டிசம்பர் பாதிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, கடற்கரை ஊர்களைப் பற்றி. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் குளச்சலையும் மேலமணக்குடியையும் கடல் எடுத்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. அந்த வீடுகளில் நட்சத்திரம் கட்டுவது மற்ற வீடுகளில் கட்டுவதுபோல அல்ல. சில வீடுகளில் கட்டுவதே இல்லை. தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, ஒன்றுமில்லாததற்கு எரிச்சல் வரும். இவை துக்கத்தின் அடையாளங்கள். வருடம் எத்தனை ஆனாலும் அந்தத் தேதி வரும்போது திரும்பி வரும். "இத்தனை வருஷம் ஆயிற்றே, இன்னுமா?" என்று கேட்காதீர்கள். போனவர்களின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். வாழ்வே வேண்டாம் என்பதுபோல யாராவது பேசினால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இலவச மனநல ஆலோசனை எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா அப்படி மகனைக் கடலில் பறிகொடுத்தவர். கிறிஸ்துமஸ் அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போவேன். அவருடைய பிரஷர் பார்ப்பேன், மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு திண்ணையில் இருவரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். இந்த வருடமும் போவேன்.

வணக்கம்.