கேஸ்கெட்டைக் கையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்

நடுவர் அவர்களே, பாம்பன் கரையில் கூடியிருக்கும் படகு உரிமையாளர்களே, மெக்கானிக் அண்ணன்மார்களே, வணக்கம்.

இன்ஜினின் அடிப்பாகமான பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் தாள்தான் கேஸ்கெட். அங்கே ஒட்டிக்கிடக்கும் பழைய கேஸ்கெட்டை எடுக்க ஏற்றது கைச்சுரண்டியா, கிரைண்டரில் மாட்டிச் சுழற்றும் உராய்வுத் தகடா என்பது வழக்கு. கைச்சுரண்டியின் பக்கம் நிற்கிறேன்.

எதிரணி அண்ணன், "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்தான் மீன்பிடித் தடைக்காலம். எல்லா விசைப்படகுக்கும் ஒரே நேரத்தில் வேலை. தகடு வைத்தால் இரண்டு நிமிடம், சுரண்டினால் அரை நாள்" என்றார். நேரக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தில் தகட்டிலிருந்து உதிர்ந்த தூள் எங்கே போனது? அதை அவர் சொல்லவே இல்லையே!

அந்தத் தூள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மோஸ் கடினத்தன்மை அளவில் வைரம் 10 என்றால் இது 9. பிளாக்கின் ஆயில் துளைக்குள் விழுந்தால், ஃபில்டரைத் தாண்டிய வழி என்பதால் நேரே கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்குக்குப் போகும். மெத்தென்ற பேரிங் உலோகத்தில் பதிந்துகொண்டு கிராங்க் ஷாஃப்டை அரைக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே இத்தகைய தகடுகள் வேண்டாமென்று தன் பணிமனைகளை எச்சரித்திருக்கிறது. "வார்ப்பிரும்பு பிளாக் தாங்கும்" என்றார்கள். பரப்பு தாங்கும் ஐயா, பேரிங் தாங்காது.

பழைய கேஸ்கெட்டில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கவும் கூடும். தகடு அதைப் புகையாகக் கிளப்புகிறது. அதைச் சுவாசிப்பவன் குனிந்து நிற்கும் நம் வீட்டுப் பையன். நனைத்துச் சுரண்டினால் தூசி அவ்வளவாக எழும்பாது.

சுரண்டுவதற்கும் முறை உண்டு. முதலில் சிலிண்டரையும் துளைகளையும் துணியால் அடைக்க வேண்டும். கேஸ்கெட் ரிமூவரைத் தடவிச் சற்று ஊறவிட்டால், தண்ணீர்த் துளையைச் சுற்றிக் கருகிக்கிடக்கும் பொருக்கு உப்பிக்கொண்டு வரும். பிளேடைப் பரப்போடு படுக்கவைத்துத் தள்ளினால் சுருள் சுருளாகக் கழன்றுவிடும். பிளேடு நிமிர்ந்தால் கீறல் விழும். அலுமினியம் ஹெட் என்றால் பிளாஸ்டிக் சுரண்டிதான். முடிந்ததும் எஃகு நேர்க்கோலை வைத்துப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு பட்டுப் பள்ளம் விழுந்த ஹெட்டில், கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த இடத்தில் வெளிச்சம் கசியும்.

"பள்ளம் விழுந்தால் கசிவடைக்கும் பேஸ்ட் போட்டுக்கொள்ளலாம்" என்றார் எதிரணித் தம்பி. ஹெட் கேஸ்கெட்டில் பேஸ்டா? தம்பி, பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து விழுந்தால் ஆயில் சல்லடையை அடைத்துவிடும். பள்ளமோ அப்படியேதான் இருக்கும். அதன் வழியே தண்ணீர் இறங்கினால் ஆயில் பால்போல வெளுத்துவிடும், இன்ஜின் நின்றுவிடும்.

எங்கே நிற்கும்? லாரி என்றால் சாலையோரம் நிற்கும். நம் படகு பாக் நீரிணையில், நள்ளிரவில் நிற்கும். இலங்கையோடு 1974 ஒப்பந்தம் போட்ட எல்லைக்கோடு பக்கத்திலேயே இருக்கிறது. காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகவேண்டியதுதான். படகில் இருப்பவர்களின் வீட்டாரும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக அந்த அரை நாளைக் கேட்கிறேன். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.