ஒன்றரை ஆள் கொடுத்து வாங்கிய பியானோ

வணக்கம். ஒரு நாடகத்தில் வரும் இந்தப் பியானோவின் விலை ஒன்றரை ஆள். தவறாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் அம்மாவுக்கு முழு டிக்கெட், பையனுக்கு அரை டிக்கெட் எடுப்போமே, அதே கணக்கு! ஓர் அடிமைப் பெண்ணை ஒன்று என்றும், அவளுடைய ஒன்பது வயது மகனை அரை என்றும் எண்ணிக் கொடுத்துவிட்டு, சட்டர் என்ற வெள்ளைக்காரப் பண்ணையார் தன் மனைவிக்குத் திருமண நாள் பரிசு வாங்கிவந்தார்.

பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். நாடகத்தின் பெயர் ‘தி பியானோ லெசன்’. எழுதியவர் ஆகஸ்ட் வில்சன். 1990இல் புலிட்சர் பரிசு பெற்றது. கதை நடப்பது 1936இல், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டில். தெற்கே உள்ள மிசிசிப்பி மாநிலத்திலிருந்து தம்பி பாய் வில்லி வந்து இறங்குகிறான். பியானோவை விற்று, முன்னோர்கள் அடிமைகளாக உழைத்த அதே சட்டர் நிலத்தை விலைக்கு வாங்க வேண்டும் என்கிறான். அக்கா பெர்னிஸ் முடியவே முடியாது என்கிறாள். அவ்வளவுதான் சண்டை.

இனி அந்தப் பியானோவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் போவோம்.

பரிசு வந்து கொஞ்ச காலம் போனதும் பண்ணையாரின் மனைவிக்கு ஏக்கம் பிடித்துக்கொண்டது. சமைத்துப் போட்டுப் பேச்சுத்துணையாகவும் இருந்தவள் இல்லை; கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த பையனும் இல்லை. படுத்த படுக்கையாகிவிட்டார். மாற்றிக்கொள்ளலாம் என்றால், வாங்கியவர் திருப்பித் தர மறுத்துவிட்டார். சட்டர் என்ன செய்தார் தெரியுமா? தச்சு வேலை தெரிந்த ஓர் அடிமையைக் கூப்பிட்டு, போன இருவரின் முகங்களையும் பியானோவில் செதுக்கச் சொன்னார். அந்தத் தச்சர் யார்? போனவளின் கணவர். போன பையனின் அப்பா.

அவர் இரண்டு முகங்களோடு உளியைக் கீழே வைக்கவில்லை. தன் அம்மா, அப்பா, தன் கல்யாணம், மகன் பிறந்தது என்று குடும்பத்துக் கதை முழுவதையும் செதுக்கித் தள்ளிவிட்டார். எஜமானுக்குக் கோபம், எஜமானிக்கோ மகிழ்ச்சி, பியானோவும் கிடைத்தது, ஆட்களும் திரும்பி வந்த மாதிரி ஆயிற்று என்று! எழுதப் படிக்க அடிமைக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லாத நாட்டில், எஜமானின் சொத்தின் மேலேயே ஒருவர் தம் வம்சாவளியை எழுதிவிட்டார். இதற்கு மேல் ஒரு குறியீட்டை யாரால் யோசிக்க முடியும்?

பியானோவில் செதுக்கப்பட்ட அந்தப் பெண்தான் இந்த அக்கா, தம்பியின் கொள்ளுப்பாட்டி. அவள் பெயரும் பெர்னிஸ்தான். பெயரை வைத்துக்கொள்வதால்தான் ‘பெயரன்’ பேரன் ஆனான் என்று சொல்லும் நமக்கு இது சட்டென்று புரியும்.

1911, ஜூலை 4. தேதியைக் கவனியுங்கள், அமெரிக்கச் சுதந்திர தினம். அன்றுதான் இவர்களுடைய அப்பா அந்தப் பியானோவைச் சட்டர் வீட்டிலிருந்து தூக்கிவந்தார். அன்றே ஒரு சரக்கு ரயில் பெட்டியில் எரித்துக் கொல்லப்பட்டார். அதன்பின் அம்மா பதினேழு ஆண்டுகள் அதைத் துடைத்தாள், கையில் ரத்தம் கசியும் வரை. பெர்னிஸ் விற்கமாட்டாள்; ஆனால் வாசிக்கவும் மாட்டாள்.

பெரும்பாலோர் அக்கா பக்கம். நான் தம்பி பக்கமும் கொஞ்சம் சாய்வேன். வாசிக்காத பியானோ வீட்டில் நின்று என்ன பயன் என்று அவன் கேட்பதில் நியாயம் இல்லையா? இன்னொன்று, அவன் லாரி நிறையக் கொண்டுவருவது தர்பூசணி. கறுப்பினத்தவரைக் கேலி செய்ய வெள்ளையர்கள் கார்ட்டூன்களில் வரைந்து தள்ளிய அதே பழம். அதை வெள்ளைக்காரர்களிடமே விற்றுக் காசு சேர்க்கிறான். இனிக்குமா என்று கேட்டவளிடம், மண்ணிலேயே சர்க்கரை போட்டுத்தான் வளர்க்கிறோம் என்று அளக்கிறான்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நீங்கள் யார் பக்கம்? கருத்துப் பகுதியில் எழுதுங்கள், சண்டை போடலாம்.

கடைசிக் காட்சி. செத்துப்போன சட்டர் வம்சத்தவர் ஒருவரின் ஆவியோடு தம்பி மாடியில் மல்லுக்கட்டுகிறான். பெர்னிஸ் பியானோ முன் உட்கார்ந்து, முன்னோர்களின் பெயரை ஒவ்வொன்றாக அழைத்து வாசிக்கத் தொடங்குகிறாள். ஆவி போய்விடுகிறது. தம்பியும் ஊருக்குக் கிளம்புகிறான், பியானோ இல்லாமல். போகிற போக்கில் ஒரு மிரட்டல் மட்டும்: நீயும் உன் மகளும் வாசிப்பதை நிறுத்தினால், நானும் வருவேன், சட்டரும் வருவான்.