பிப்ரவரியில பால்மரம், அதான் ரப்பர் மரம், ஏன் மொட்டையா நிக்குது? தவக்காலத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

[காட்சி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பால்மரக் காடு. காலை வெளிச்சம். தரை முழுக்கச் சருகு.]

வணக்கம் மக்களே! பசியாறிட்டீங்களா? நான் இன்னும் இல்ல, இன்னைக்கு ஒருசந்தி, ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. அந்தக் கதைக்கு அப்புறம் வரேன். முதல்ல மேல பாருங்க. தம்பி, கேமராவை மேல தூக்குப்பா. பாதிக் கிளை மொட்டை, மீதியில செம்பு நிறத்துல இலை தொங்குது. காத்து ஒரு தட்டு தட்டுனா போதும், பொலபொலன்னு கொட்டும். மரம் செத்துப் போகல. இன்னைக்கு என்ன நாள்னு என் நெத்தியைப் பாருங்க, தெரியும்.

ஆமா, திருநீற்றுப் புதன், உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்னாடி நாம நோன்பிருக்கற தவக்காலத்தோட முதல் நாள். பெரியவங்க விபூதிப் புதன்னு சொல்வாங்க. போன வருஷம் குருத்து ஞாயிறுக்குப் பிடிச்ச ஓலையை எரிச்ச சாம்பல்தான் இது. கோயில்ல இருந்து நேரா இங்க வந்துட்டேன்.

கணக்கை வேகமா முடிச்சிடுவோம். இந்த 2026இல பிப்ரவரி 18இல இருந்து ஏப்ரல் 4 வரைக்கும் எண்ணினா 46 நாள். ஞாயித்துக்கிழமை ஆறு. அதைக் கழிச்சா 40, இயேசு பாலைவனத்துல நோன்பிருந்த 40 நாள். தர்மம், செபம், நோன்புன்னு மூணு காரியம், மத்தேயு 6ஆம் அதிகாரத்துல இருக்கு. அவ்வளவுதான் முன்கதை.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஐரோப்பாவுல இந்தக் காலம் குளிர் முடியற நேரத்துல வருது. தவக்காலத்துக்கு இங்கிலீஷ்ல சொல்ற லெந்துங்கிற பேரே வசந்தத்தைக் குறிக்கிற ஒரு பழைய இங்கிலீஷ் சொல்லுல இருந்து வந்ததுதான். நம்ம நாட்டுல வசந்தம் ஏது? வருஷம் பூரா வெயிலும் மழையும்தான். எண்ணெய்க்கு வளர்க்கற செம்பனை எந்த மாசமும் பச்சையாவே நிக்கும். ஆனா பால்மரம் அப்படி இல்ல. பிரேசில்ல இருந்து கிளம்பி, 1877இல இதோ பக்கத்துல இருக்கற கோல கங்சார்ல ஒன்பது கன்னா வந்து இறங்கின ஜாதி இது. வருஷத்துக்கு ஒரு தடவை, மழை ஓய்ஞ்ச இந்த மாசங்கள்ல, இலையை முழுசா உதிர்த்துடும். தோட்டத்துல வளர்ந்தவங்களுக்குத் தெரியும், இலையுதிர் காலம்னா பால் குறைஞ்சிடும், பால் பிடிக்கற மங்கு நிறையாது. நிறைய பேர் வெட்டறதையே, அதான் பாலுக்காகப் பட்டையைச் சீவறதையே, நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பாங்க. ஏன்னா மரம் சேர்த்து வெச்ச சத்தெல்லாம் இப்போ புதுத் தளிருக்குப் போகுது. வெளியில பார்த்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ள அவ்வளவு வேலை!

நாடு பூரா தேடினாலும் தவக்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடைக்காது. இது என்னோட கருத்து. வேற மரம் தோணுச்சுன்னா கமெண்டுல எழுதுங்க, சண்டை போட நான் தயார்.

இன்னொண்ணு கவனிங்க. இலையை உதிர்த்துக் காட்டி மரம் வெயிலை வாங்கல. வெயில் முன்னாடியே அடிச்சிக்கிட்டு இருக்கு, மழை முன்னாடியே பெஞ்சிடுச்சு. வாங்கினதுக்குப் பதிலாத்தான் மரம் தளிர் விடுது. சாமி விஷயத்துல நிறைய பேர் இதைத் தலைகீழாப் பிடிச்சிருக்கோம். 40 நாள் கறி மீன் தொடாம இருந்தா அவர் மனசு இரங்குவார்னு நினைக்கறோம். லூக்கா 15இல அந்த ஊதாரி மகன் மன்னிப்புக் கேக்க வாயைத் திறக்கலை, அப்பா தூரத்துலயே பார்த்து ஓடி வந்து கட்டிப்பிடிச்சிட்டாரு. விருந்து அதுக்கப்புறம்தான். மகன் பேச ஆரம்பிக்கறப்பவே அவன் தோள்ல அப்பாவோட கை இருக்கு.

[காட்சி: பழைய மைலோ டின், கையில்.]

இது எங்க பாட்டியோட டின். பாட்டி பால்மரம் வெட்டினவங்க. விடியறதுக்கு முன்னாடியே தலைவிளக்கைக் கட்டிக்கிட்டு மரங்க வரிசையா நிக்கற நிரைக்குப் போயிடுவாங்க, ஏன்னா குளிர்ந்த நேரத்துலதான் பால் நல்லா ஓடும். தவக்காலத்து வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி வாசனையே வீட்டுல இருக்காது. ஒருசந்தி நாள்ல காலையில பால் இல்லாத கோப்பி ஓவும் ரெண்டு பிஸ்கட்டும் மட்டும், மத்தியானம் ஒரு வேளைச் சோறு. உலை வைக்கறப்பல்லாம் ஒரு பிடி அரிசி இந்த டின்னுக்குள்ள போகும். பெரிய வியாழன் விடியக்காலை, வேலைக்குப் போற வழியில, லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல, கடைசி வீட்டு வாசல்ல அந்த அரிசிப் பை இருக்கும். அந்த வீட்டு மாமாவுக்குக் கை ஒடிஞ்சு மாசக்கணக்கா வேலை இல்ல. யார் வெச்சதுன்னு அவங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு வேதத்துல இருக்கே, எங்க வீட்டுல அது நடந்ததை நான் கண்ணால பார்த்தேன்.

சின்னப் பிள்ளையில ஒரு நாள் கேட்டேன்: "பாட்டி, இதெல்லாம் செஞ்சா சாமி நம்ம மேல பாசமா இருப்பாரா?"

அரிசி அளந்துக்கிட்டே சொன்னாங்க: "பாசமா இருக்காருன்னுதான்யா செய்யறேன். அவரு முந்திக்கிட்டாரு. நாம பின்னாடி ஓடறோம்."

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பெரியவனாகி யோவான் முதல் திருமுகம் 4ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்தைப் படிச்சப்போ, அங்க இதே பேச்சு இருந்துச்சு, அவர் முதல்ல அன்பு செஞ்சார், அதனால நாமும் அன்பு செய்யறோம்னு. புத்தகத்தை மூடி வெச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

அப்புறம், பாட்டியோட கத்தி. மரம் வெட்டறப்போ பட்டையை மெல்லிசா சீவணும், கட்டையைத் தொட்டுடக் கூடாது. ஆழமா இறங்கிட்டா மரத்துல கட்டி கட்டியா வீங்கிடும், அந்த இடத்துல பட்டை ஒழுங்கா வளராது. நோன்புக்கும் இதேதான். திருச்சபை சட்டமே 18 வயசுல இருந்து 59 வரைக்கும்தான் ஒருசந்தி கேக்குது, அதுவும் ரெண்டே நாள், இன்னைக்கும் பெரிய வெள்ளிக்கும். நோயாளிகளுக்குக் கட்டாயம் இல்ல. இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, இருக்கற அம்மாக்களே, அப்பாக்களே, மாத்திரையைப் போட்டுக்கிட்டுச் சாப்பிடாம இருக்காதீங்க, தயவுசெஞ்சு. உங்களை நீங்களே காயப்படுத்திக்கணும்னு அவர் கேக்கல. உங்களால முடிஞ்சது அந்த ஒரு பிடி அரிசியா இருக்கலாம். கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்கற தங்கச்சிக்குப் போடற ஒரு போனா இருக்கலாம்.

நேத்துதான் சீனப் புத்தாண்டு, இந்த வாரமே முஸ்லிம் அண்டை வீட்டாருக்கும் நோன்பு மாசம் தொடங்குது. அதனால நம்ம டின்னுல சேர்ற அரிசி யார் வீட்டுக்குப் போகணும்னு பார்க்கறப்போ, கோயில் பேர் பட்டியலோட நின்னுடாதீங்க. லயம் இருந்த காலத்துல பக்கத்து வீட்டுல அடுப்பு எரியலைன்னா புகையைப் பார்த்தே தெரிஞ்சிடும். இப்போ தாமான்னு சொல்ற குடியிருப்பு வீட்டுக்குக் குடி வந்துட்டோம், கேட்டைத் தட்டினாத்தான் தெரியும்.

எங்க வீட்டுல இன்னைக்குக் காலையில முதல் பிடி போட்டாச்சு.

ஏப்ரல் 5 உயிர்ப்பு ஞாயிறு. பூசை முடிஞ்சதும் இதே மரத்தடிக்குக் கேமராவோட வரேன். அதுக்குள்ள மேல தளிர் வந்திருக்கும், முதல்ல பழுப்புச் சிவப்புல மினுமினுக்கும், அப்புறம்தான் பச்சையாகும். உங்க வீட்டு டின்னையும் அன்னைக்குக் காலியாக் காட்டுங்க.